உரக்கச் சொன்ன வாக்கு

தமிழில் 'வாக்கு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வாயினின்று பிறக்கும் மொழி வாக்கு. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மீற முடியாமல் நிற்கும் உறுதிமொழியும் வாக்கு. தேர்தல் நாளில் குடிமக்கள் அளிப்பதும் வாக்குத்தான். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் இறைமகனைக் குறிப்பதற்கும் நமது பொது மொழிபெயர்ப்பு இச்சொல்லையே தேர்ந்துகொண்டது. ஒரே சொல்லில் பேச்சும் உறுதியும் உரிமையும் இறைவெளிப்பாடும் அடங்கியிருப்பது நம் மொழிக்கு வாய்த்த பேறு.

வாக்கு என்பது உண்மையிலேயே வாயினால் சொல்லப்பட்ட ஒரு தேர்தலைப் பற்றி இங்குச் சிந்திக்க விழைகிறேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புதிய அரசமைப்பின்படி அமையவிருந்த முதல் காங்கிரசுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, 1789 ஜனவரி 7 அன்று மேரிலாந்து மாநிலத்தில் வாக்குப்பதிவு தொடங்கியது. அது சில நாள்கள் நீடித்தது. அந்நாளில் அங்கு வாக்குச் சீட்டு இல்லை, பெட்டி இல்லை, மறைவிடமும் இல்லை. வாக்குரிமை பெற்றவர் தம் கவுன்டியின் நீதிமன்றத்திற்கு வந்து, தேர்தலை நடத்தும் அதிகாரியாகிய ஷெரிஃப்பின் முன் நின்று, தாம் விரும்பும் வேட்பாளர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அருகிலிருக்கும் எழுத்தர் அதைக் குறித்துக்கொள்வார். கடன் கொடுத்தவரும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரும், அண்டை வீட்டாரும் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1776ஆம் ஆண்டு மேரிலாந்து அரசமைப்பே இம்முறையை வகுத்திருந்தது.

அந்த ஜனவரி நாள்களில் உரக்கச் சொல்லப்பட்ட பெயர்களுள் ஒன்று டேனியல் கரோல். அவர் ஒரு கத்தோலிக்கர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை அம்மண்ணில் ஒரு கத்தோலிக்கர் வாக்களிக்கவே முடியாது என்பதை நினைவிற்கொண்டால்தான் அந்தப் பெயர் அந்த மன்றத்தில் ஒலித்ததன் பொருள் நமக்கு விளங்கும்.

பூட்டப்பட்ட ஆலயம்

மேரிலாந்து பிறந்த வரலாறே கத்தோலிக்கரோடு பின்னிப் பிணைந்தது. இங்கிலாந்தில் துன்புற்ற கத்தோலிக்கருக்கு ஒரு புகலிடமாகவும் தம் குடும்பத்திற்கு ஒரு செல்வமாகவும் அக்குடியேற்றத்தை அமைத்தவர் கத்தோலிக்கப் பிரபுவான செசில் கால்வெர்ட். 'பேழை', 'புறா' என்னும் பொருள்படும் பெயர்களைத் தாங்கிய இரு கப்பல்களில் வந்தவர்கள் 1634 மார்ச் 25 அன்று, மங்கள வார்த்தைத் திருநாளில், புனித கிளமெண்ட் தீவில் கூடி நிற்க, இயேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் அங்குத் திருப்பலி நிறைவேற்றினார். தொடக்கமுதலே குடியேறியவர்களுள் பெரும்பான்மையினர் புரொட்டஸ்டாண்டுகளே. இரு தரப்பினரும் ஒன்றாய் வாழ வேண்டும் என்பதற்காக 1649இல் அவ்வூர்ச் சட்டமன்றம் சமயப் பொறுமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. இயேசு கிறிஸ்துவை ஏற்கும் எவரையும் அவரது சமயத்திற்காகத் துன்புறுத்தலாகாது என்றது அச்சட்டம். மூவொரு இறைவனை மறுப்போருக்கு அதே சட்டம் கடுந்தண்டனையும் விதித்தது. ஆகவே அந்தப் பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

1689இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த ஆட்சி மாற்றத்தின் அலை மேரிலாந்தையும் வந்தடைந்தது. கத்தோலிக்கப் பிரபுவின் ஆட்சி கவிழ்ந்தது. 1702இல் இங்கிலாந்துத் திருச்சபை அரசுத் திருச்சபையாயிற்று. 1704இல் ஆளுநர் ஜான் சீமோர், புனித மரியா நகரில் செங்கல்லால் கட்டப்பட்டிருந்த ஆலயத்தைப் பூட்டுமாறு ஷெரிஃப்புக்கு ஆணையிட்டார். அவர் பூட்டினார். அன்றுமுதல் திருப்பலி தனியார் இல்லங்களுக்குள் ஒடுங்கியது. கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. வசதி படைத்தோர் தம் புதல்வர்களைச் சட்டத்திற்கு மறைவாகக் கடல் கடந்து, பிரான்சிலிருந்த புனித ஓமேர் கல்லூரிக்கு அனுப்பினர்.

1718இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. பறித்த விதம் கருதத் தக்கது. 'கத்தோலிக்கர் வாக்களிக்கலாகாது' என்பதோடு சட்டம் நிற்கவில்லை. வாக்களிக்க வருபவர் சில பிரமாணங்களை எடுக்க வேண்டும் என்றது. அவற்றுள் ஒன்று, நற்கருணையில் அப்பமும் இரசமும் பொருள் மாற்றம் அடைவதில்லை என்று அறிக்கையிடுவது. அதாவது பலிபீடத்தின் முன் 'ஆமென்' என்று சொன்ன அதே நாவினால், நீதிமன்றத்தில் 'இல்லை' என்று சொன்னால் வாக்குக் கிடைக்கும். சிலர் சொன்னார்கள். சொல்ல மறுத்தவர்கள் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாய்மூடி நின்றார்கள். இடையில் 1756இல் அவர்களது நிலங்களுக்கு இருமடங்கு வரியும் விதிக்கப்பட்டது.

வாக்கற்றவரின் வாதம்

அந்த மௌனத்தைக் கலைத்தவர் கரோல்டனைச் சேர்ந்த சார்லஸ் கரோல். 1737இல் அன்னாபொலிசில் பிறந்து, சிறுவனாகவே புனித ஓமேருக்கு அனுப்பப்பட்டு, பதினாறு ஆண்டுகள் பிரான்சிலும் இங்கிலாந்திலும் கற்று, 1765இல் நாடு திரும்பியவர். பெருஞ்செல்வர். ஆயினும் வாக்கோ பதவியோ அவருக்கு இல்லை.

1773இல் ஆளுநர் சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிக் கட்டணங்களை விதித்ததைப் பற்றி 'மேரிலாந்து கெஜட்' இதழில் ஒரு வாதம் எழுந்தது. அரசின் பக்கம் நின்று எழுதியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் டுலானி. எதிர்த்து எழுதியவர் 'முதற்குடிமகன்' என்ற புனைபெயர் பூண்ட சார்லஸ் கரோல். எழுதுபவர் யார் என்று தெரிந்தவுடன் டுலானி அவரது சமயத்தைச் சுட்டினார். வாக்களிக்கக்கூட உரிமையில்லாத ஒருவர் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசுவதற்கு என்ன தகுதி உண்டு என்பது அவரது கேள்வி. கரோல் நிதானம் இழக்கவில்லை. நாட்டின் நலத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று வாதிட்டார். கடந்த காலக் கொடுமைகளைக் குறித்து, தாங்கள் அவற்றை நினைவில் வைத்திருப்பதாகவும் மன்னித்துவிட்டதாகவும் இலத்தீனில் இரண்டே வினைச்சொற்களால் பதிலிறுத்தார். நினைவும் மன்னிப்பும் சேர்ந்த அந்தப் பதில் பொதுமக்களின் உள்ளத்தைத் தொட்டது.

நிகழ்ச்சிகள் விரைந்தன. 1776இல் சார்லஸ் கரோல் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். ஒப்பமிட்டவர்களுள் கத்தோலிக்கர் அவர் ஒருவரே. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மேரிலாந்து அரசமைப்பு, கிறிஸ்தவ சமயத்தை ஏற்கும் அனைவருக்கும் சமய உரிமையில் சமப் பாதுகாப்பு உண்டு என்று அறிவித்தது. 21 வயது நிரம்பி, 50 ஏக்கர் நிலமோ 30 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்தோ உடைய சுதந்திர ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. நற்கருணையை மறுத்து அறிக்கையிட வேண்டியதில்லை. கதவு திறந்தது.

முதல் காங்கிரஸ்

மீண்டும் 1789க்கு வருவோம். முதல் காங்கிரசின் செனட் சபைக்கு மேரிலாந்தின் சட்டமன்றம் தேர்ந்தெடுத்த இருவருள் ஒருவர் சார்லஸ் கரோல். பிரதிநிதிகள் அவைக்கு ஆறு இடங்கள். இவற்றை நிரப்ப மாநிலம் கையாண்ட முறை புதுமையானது. மாநிலம் ஆறு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதிநிதியும் தம் தொகுதியில் வசிப்பவராக இருக்க வேண்டும். ஆனால் வாக்காளர் தம் தொகுதிக்கு மட்டும் வாக்களித்தால் போதாது. ஆறு தொகுதிகளுக்கும் ஆறு பெயர்களைச் சொல்ல வேண்டும். ஆக, ஒவ்வொரு வேட்பாளரும் மாநிலம் முழுவதன் ஆதரவையும் பெற்றாக வேண்டும்.

தேர்தலின் முதன்மையான கேள்வி சமயமன்று. புதிய அரசமைப்பை வரவேற்றவர்கள் ஒரு பக்கம். மைய அரசு வலுப்பெற்றால் மக்களின் உரிமை குன்றுமே என அஞ்சியவர்கள் மறு பக்கம். முடிவில் அரசமைப்பின் ஆதரவாளர்கள் ஆறு இடங்களையும் வென்றனர். ஆறாம் தொகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டேனியல் கரோல் அந்த அரசமைப்பில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர். அவரோடு பென்சில்வேனியாவின் தாமஸ் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்பவரும் ஒப்பமிட்ட கத்தோலிக்கர்.

இந்த வெற்றியின் அளவை உணர ஒரு கணக்குப் போதும். 1785இல் உரோமைக்கு அனுப்பப்பட்ட அறிக்கையின்படி மேரிலாந்துக் கத்தோலிக்கர் ஏறத்தாழ 15,800 பேர். 1790ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தில் வாழ்ந்தோர் 3,19,728. இருபது பேரில் ஒருவரே கத்தோலிக்கர் என்று கொள்ளலாம். மாநிலம் முழுவதும் வாக்களித்த அத்தேர்தலில், டேனியல் கரோலின் பெயரை உரக்கச் சொன்னவர்களுள் மிகப் பெரும்பாலோர் புரொட்டஸ்டாண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும். 1704இல் ஷெரிஃப் ஒருவர் ஆலயத்தைப் பூட்டினார். 1789இல் அதே பதவியிலிருந்த அதிகாரிகளின் முன்னிலையில், பிற சபையினர் ஒரு கத்தோலிக்கரின் பெயரைச் சொல்லிச் சென்றனர்.

அவைக்குச் சென்ற டேனியல் கரோல் தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை மறக்கவில்லை. அரசமைப்பில் குடிமக்களின் உரிமைகளைச் சேர்க்க வேண்டுமென ஜேம்ஸ் மாடிசன் கொண்டுவந்த திருத்தங்கள் 1789 ஆகஸ்டில் விவாதிக்கப்பட்டபோது, சமய உரிமை பற்றிய திருத்தத்தை ஆதரித்து அவர் எழுந்தார். மனச்சான்றின் உரிமை மிக நுண்மையானது. அரசின் கை மென்மையாகத் தொட்டாலும் அது தாங்காது என்னும் கருத்தை எடுத்துரைத்தார். இரு அவைகளின் வேறுபாடுகளைத் தீர்க்க அமைக்கப்பட்ட குழுவில் செனட் சபையின் சார்பில் இடம்பெற்ற மூவருள் சார்லஸ் கரோல் ஒருவர். 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தத்தில் இவ்வாறு இரு மேரிலாந்துக் கத்தோலிக்கரின் பங்கும் உண்டு.

ஒரு தோல்வியின் நற்பேறு

அடுத்த தேர்தல் 1790 அக்டோபரில் நடந்தது. டேனியல் கரோல் தோற்றார். காரணம் சமயமா? இல்லவே இல்லை. நாட்டின் தலைநகர் எங்கே அமைவது என்ற போட்டி அந்த ஆண்டு காங்கிரசைக் கலக்கியது. வணிக நகரமான பால்டிமோர் அந்தப் பெருமையைத் தனக்கே விரும்பியது. டேனியல் கரோலோ போட்டோமாக் ஆற்றங்கரையை ஆதரித்து வாக்களித்தார். 1790 ஜூலையில் போட்டோமாக் கரை என்று சட்டமாயிற்று. பால்டிமோர் மக்கள் வெகுண்டனர். வாக்காளர் அனைவரும் ஆறு இடங்களுக்கும் வாக்களிக்கும் முறை இருந்ததால், திரண்டு வந்த ஒரு நகரத்தின் சினம் மாநிலம் முழுவதன் முடிவையும் புரட்டிவிட்டது. முந்தைய ஆறு உறுப்பினருள் ஜோசுவா சீனி ஒருவரே மீண்டும் இடம்பெற்றார். இந்த அனுபவத்தால் மாநிலம் தன் முறையை மாற்றிக்கொண்டு, 1792 தேர்தலில் அந்தந்தத் தொகுதியினர் தத்தம் பிரதிநிதியை மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்தது.

அந்தத் தோல்வியை நான் ஒரு நற்பேறு என்றே கருதுகிறேன். கத்தோலிக்கர் என்பதற்காக ஒருவரை வெல்ல வைப்பதும் இல்லை, அதற்காகவே தோற்கடிப்பதும் இல்லை. அவர் எடுத்த முடிவுக்காக மக்கள் அவரைக் கணக்குக் கேட்டனர். பிறரைப்போலத் தோற்கும் உரிமையும் சமத்துவத்தின் ஒரு பகுதியே.

ஒயிட்மார்ஷ் பண்ணையில்

அதே 1789இல் மேரிலாந்தில் இன்னொரு தேர்தலும் நடந்தது. டேனியல் கரோலின் தம்பி ஜான் கரோல் இயேசு சபைக் குருவாயிருந்தவர். 1773இல் அச்சபை கலைக்கப்பட்டபின் 1774இல் நாடு திரும்பி, ராக் கிரீக்கில் தம் தாயின் இல்லத்திலிருந்தே மறைப்பணியைத் தொடங்கினார். மேலே நாம் கண்ட 1785ஆம் ஆண்டு அறிக்கையை உரோமைக்கு எழுதியவரும் அவரே. தங்களுக்கு ஓர் ஆயர் வேண்டுமென அமெரிக்கக் குருக்கள் கேட்டபோது, அந்த முதல் ஆயரைத் தாங்களே தேர்ந்தெடுத்து முன்மொழியத் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் இசைவளித்தார். 1789 மே மாதம் ஒயிட்மார்ஷ் என்னுமிடத்தில் குருக்கள் கூடினர். பதிவான 26 வாக்குகளுள் 24 ஜான் கரோலுக்குக் கிடைத்தன. நவம்பர் 6 அன்று திருத்தந்தை அவரைப் பால்டிமோரின் முதல் ஆயராக உறுதிசெய்தார். 1790 ஆகஸ்ட் 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவில், இங்கிலாந்தின் லுல்வர்த் கோட்டைச் சிற்றாலயத்தில் அவர் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார்.

ஒரே ஆண்டு, ஒரே குடும்பம், இரண்டு தேர்தல்கள். அண்ணன் நாட்டின் மன்றத்திற்கு, தம்பி திருச்சபையின் இருக்கைக்கு. இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் அது நமக்கு மகிழ்ச்சியளிக்கும் வரலாறாக இருக்கும். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை.

ஒயிட்மார்ஷ் என்பது வெறும் ஆலயமன்று. அது குருக்களுக்குச் சொந்தமான ஒரு பண்ணை. அங்கு உழைத்தவர்கள் அடிமைகள். ஜான் கரோல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையை மீண்டும் புரட்டுவோம். அந்த 15,800 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 3,000 பேர் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள் என்று அவரே குறித்திருக்கிறார். அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். அதே நற்கருணையை உட்கொண்டவர்கள். மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1790 கணக்கின்படி அடிமைகளின் எண்ணிக்கை 1,03,036. மூவரில் ஒருவர். அந்த மூன்றாமவருக்கு நீதிமன்றத்தில் சொல்ல எந்த வாக்கும் இல்லை. சார்லஸ் கரோல் அம்மாநிலத்தின் பெரும் அடிமை உடைமையாளர்களுள் ஒருவர். டேனியல் கரோலுக்கும் ஆயர் கரோலுக்கும்கூட அடிமைகள் இருந்தனர்.

ஆயினும் அவர்களுள் சிலர் தங்கள் வாக்கைத் தாங்களே தேடிக்கொண்டனர். ஒயிட்மார்ஷ் பண்ணையில் அடிமையாயிருந்த எட்வர்ட் குயின் என்பவர், தம் பாட்டி மேரி குயின் அடிமையல்லள், ஆகவே தாமும் அடிமையல்லர் என்று கூறி, பண்ணையை நிர்வகித்த அருட்தந்தை ஜான் ஆஷ்டன்மீது 1791இல் வழக்குத் தொடுத்தார். 1794இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் அவருடைய உறவினர் பலரும் அதே வழியில் விடுதலை பெற்றனர். குருக்கள் வாக்களித்து ஆயரைத் தேர்ந்தெடுத்த அதே பண்ணையிலிருந்து, இரண்டே ஆண்டுகளில் ஓர் அடிமை நீதிமன்றத்தின் படியேறி, தாமும் ஒரு மனிதர் என்று வாய்திறந்து சொன்னார். அந்த ஆண்டுகளில் மேரிலாந்தில் ஒலித்த வாக்குகளுள் மிகத் துணிவானது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

திறந்த கதவும் மூடிய கதவும்

பிறகு என்ன நடந்தது? 1801இல் இயற்றி 1802இல் உறுதிசெய்யப்பட்ட திருத்தத்தால் மேரிலாந்து வாக்காளருக்குச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதி நீங்கியது. வாய்விட்டுச் சொல்லும் முறை போய் வாக்குச் சீட்டும் வந்தது. ஏழை வெள்ளையர் உள்ளே வந்தனர். ஆனால் அதே திருத்தம் 'வெள்ளையர்' என்ற சொல்லையும் புகுத்தியது. 1776 அரசமைப்பு நிறத்தைக் கேட்கவில்லை. சொத்துள்ள சுதந்திரக் கறுப்பினர் சிலர் அதுவரை வாக்களித்து வந்தனர். அவர்களும் இப்போது வெளியேற்றப்பட்டனர். ஒரு கை கதவைத் திறக்க, மறு கை இன்னொரு கதவை அடைத்தது.

யூதரின் நிலை என்ன? பதவி ஏற்பவர் கிறிஸ்தவ சமயத்தில் நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும் என்று 1776 அரசமைப்பு விதித்திருந்தது. முதல் திருத்தம் மைய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியதால், மாநிலத்தின் இந்த விதி அப்படியே நின்றது. கத்தோலிக்கரை வெளியே நிறுத்திய அதே வகைப் பிரமாணம், இப்போது யூதரை நிறுத்தியது. இதை மாற்றப் போராடியவர் வாஷிங்டன் கவுன்டியின் சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் கென்னடி. அவர் கத்தோலிக்கருமல்லர், யூதருமல்லர், ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். தமக்கு உலகில் ஒரு யூதரோடும் அறிமுகமில்லை என்று அவரே அவையில் சொன்னார். 1818இல் தொடங்கிய முயற்சிக்காக 1823 தேர்தலில் தம் இடத்தையே இழந்தார். மீண்டும் வென்று வந்து முயன்றார். 1826இல் அந்தச் சட்டம் உறுதியாயிற்று. அவ்வாண்டே சாலமன் எட்டிங், ஜேக்கப் கோஹன் என்னும் இரு யூதர்கள் பால்டிமோர் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தன் உரிமைக்குப் போராடுவது இயல்பு. முகமறியாத ஒருவரின் உரிமைக்காகத் தம் பதவியை இழப்பது அருளின் செயல்.

நம் சபையின் வரலாறு இதைவிட வேதனையானது. 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்கள் பண்ணைகளிலிருந்த 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். அத்தொகையின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. அக்கல்லூரி 1789இல், அதே ஆண்டில், ஜான் கரோல் நிறுவியது. விற்கப்பட்டோருள் ஒயிட்மார்ஷைச் சேர்ந்தவர்களும் இருந்தனர்.

இன்னும் ஒருவர். மேரிலாந்துக் கத்தோலிக்கர் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டு, 1777இல், அங்கு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ரோஜர் டானி. உரிமையின் முதல் தலைமுறைப் பிள்ளை. நாட்டின் தலைமை நீதிபதி வரை உயர்ந்தார். தாம் உடைமையாகப் பெற்ற அடிமைகளை விடுவித்தவரும்கூட. அவர்தாம் 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் இந்நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று தீர்ப்பெழுதினார். தம் தாத்தா எந்தக் கதவின் வெளியே நின்றாரோ, அதைவிடக் கனமான ஒரு கதவைப் பேரன் சாத்தினார்.

நினைவு எதற்காக?

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. பெருங்கடனைத் தள்ளுபடி பெற்ற பணியாளன், வெளியே வந்தவுடன் தனக்குச் சிறுகடன் பட்டவனின் கழுத்தைப் பிடித்தான். அவன் கொடியவன் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவன் எப்படி அவ்வளவு விரைவில் மறந்தான் என்று நாம் கேட்பதில்லை. கரோல் குடும்பத்தார் கொடியவர்கள் அல்லர். பண்பட்டவர்கள், இறைப்பற்றுள்ளவர்கள், மனச்சான்றுக்காக இழப்பைத் தாங்கிய குடும்பத்தில் பிறந்தவர்கள். அடிமை முறை தீயது என்று சார்லஸ் கரோலே தம் முதுமையில் எழுதினார். அப்படியிருந்தும் தங்கள் மௌனத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு, தங்கள் வயலில் நின்றவர்களின் மௌனம் கேட்கவில்லை. தங்கள் துன்பத்தை நினைத்தார்கள். அதைத் தங்களுக்கு மட்டும் உரியதாக நினைத்தார்கள்.

எகிப்தில் அந்நியராயிருந்ததை நினைவில் கொள்ளுமாறு இறைவன் இஸ்ரயேலுக்குத் திரும்பத் திரும்பக் கட்டளையிட்டார். அந்த நினைவு பெருமை பேசுவதற்காகத் தரப்படவில்லை; தங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதிருப்பதற்காகத் தரப்பட்டது. விவிலியத்தில் நினைவு என்பது எப்போதும் அடுத்தவரை நோக்கித் திரும்பியிருக்கிறது. அவ்வாறு திரும்பாத நினைவு, வெறும் குலப்பெருமையாகச் சுருங்கிவிடும்.

திருச்சபையும் கற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது. சமய உரிமை மனித மாண்பிலேயே வேரூன்றியது, ஆகவே அது கத்தோலிக்கருக்கு மட்டுமன்று, எல்லா மனிதருக்கும் உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று அறிக்கையிட்டது. அந்த ஏட்டை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர் அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரே. டேனியல் கரோல் அவையில் எழுந்து பேசி 176 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில், 1838இல் விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் இயேசு சபையினர் மன்னிப்புக் கேட்டனர். தாமதமான வாக்குத்தான், ஆயினும் உரக்கச் சொல்லப்பட்டது.

புனித மரியா நகரின் அந்தச் செங்கல் ஆலயம், பூட்டப்பட்ட சில காலத்தில் இடிக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் அதன் அடித்தளத்தைத் தோண்டி எடுத்து, அதன்மேல் அதே வடிவில் ஒரு கட்டடத்தை எழுப்பினர். 2009 செப்டம்பரில் அதன் திறப்பு விழா நடந்தபோது, கதவின் பூட்டைத் திறந்தவர் அந்தக் கவுன்டியின் ஷெரிஃப். 305 ஆண்டுகளுக்கு முன் அவரது பதவியிலிருந்தவர் பூட்டியதை அவர் திறந்து வைத்தார்.

பூட்டியவர் கையிலேயே திறவுகோலும் இருக்கிறது என்பதை இது நமக்குச் சொல்கிறது. நமக்காக யாரோ ஒருவர் திறந்த கதவின் வழியாகத்தான் நாம் ஒவ்வொருவரும் உள்ளே வந்திருக்கிறோம். நம் வீட்டில், நம் பங்கில், நம் ஊரில் இன்னும் வெளியே நிற்பவர் யார்? அவருக்குரிய திறவுகோல் ஒருவேளை நம் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். வாக்களிக்கச் செல்லும் நாளிலும், நற்கருணைக்கு 'ஆமென்' என்று சொல்லும் நாளிலும், நாம் தேடிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.